வெள்ளிக்கிழமை பன்னிரண்டு நாற்பது

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது ஐம்பது இருக்கும். என் போனுக்கு ஒரு மெசேஜ்.

'உங்கள் டெல்லி பயணம் இனிதாக அமைந்ததா? எங்களுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

நான் அப்போது எங்கே இருந்தேன் என்கிறீர்கள்? மண்ணூரில். என் வீட்டு ஹாலில். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரவல் வாங்கின இரண்டு ஸ்வெட்டர்களை ஒரு பைக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். விமானம் அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டு நாற்பதுக்கு. இன்னும் முழுசாக ஒரு பகல் இருக்கிறது... அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெசேஜை மூன்று தடவை படித்தேன். டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, 00:40 என்று தெளிவாகப் போட்டிருந்தது. சரியாகத்தானே இருக்கிறது? இவர்களுக்கு என்ன பைத்தியமா? ஏறாத விமானத்துக்கு எப்படி நட்சத்திரம் போடுவது?

உங்களில் பாதிப் பேர் இந்நேரம் சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள். எனக்கு உறைப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. வெள்ளிக்கிழமை 00:40 என்றால், வியாழக்கிழமை ராத்திரியே கிளம்பிப் போய் ஏறியிருக்க வேண்டிய விமானம். நான் நன்றாகத் தூங்கி எழுந்து, நாலு இட்லி சாப்பிட்டு, பை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் இரண்டு சீட்டும் காலியாக டெல்லி போய் இறங்கிவிட்டன.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், என் வேலையே திட்டம் போடுவதுதான். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரகடத்தில் வண்டிகளுக்கு வயரிங் செய்கிற கம்பெனி ஒன்றில் பிளானிங் செக்‌ஷன். எந்த லைனில் என்ன ஓட வேண்டும், எந்த லாரி எத்தனை மணிக்குக் கேட்டைத் தாண்ட வேண்டும் என்று சொல்கிறவள் நான். பத்து நிமிஷம் தாமதமானால் டிரைவர்கள் என் முகத்தைப் பார்க்கவே பயப்படுவார்கள். அப்பேர்ப்பட்ட ராட்சசி, சொந்த விமானத்தைக் கோட்டை விட்டாள்!

எப்படி விட்டேன்? இது கம்பெனிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஊருக்கெல்லாம் நள்ளிரவில் தேதி மாறும். எங்களுக்கு மாறாது. எங்களுக்கு நாள் என்பது காலை ஆறு மணிக்குத் தொடங்கி, மறுநாள் காலை ஆறு மணிக்கு முடிவது. ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட் — மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு தேதி. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பிக்கிற சி ஷிஃப்டில், நடுராத்திரி தாண்டிச் செய்த பொருளையும் வெள்ளிக்கிழமை என்றுதான் எழுதுவோம். இருபது வருஷமாக அப்படித்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு நாற்பது என்று பார்த்ததும் என் மூளைக்கு அது வெள்ளி ராத்திரிதான். கை 'புக்' பட்டனை அழுத்திவிட்டது.

அதோடு விட்டேனா? வியாழன் காலையில் ஆபீசிலேயே செக்-இன் செய்து, பிரிண்ட் எடுத்து, "ஜன்னல் சீட்டு" என்று பக்கத்து டேபிளில் பெருமை வேறு அடித்தேன். அவர்களும் அதே தேதியில் ஊறினவர்கள். 'ஹேப்பி ஜர்னி மேடம்' என்றார்கள். ராத்திரி ஏர்போர்ட்டில் இருந்து மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. காலையில் பார்த்தேன். தெரியாத நம்பர், லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்களாக இருக்கும் என்று பிளாக் செய்தேன்!

சரி... ஒரு விமானம் போனால் போகிறது, அதற்கு ஏன் இவ்வளவு அலட்டல் என்று கேட்பீர்கள். அலட்டல் விமானத்துக்காக இல்லை. பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த மனிதருக்காக.

என் வீட்டுக்காரர் பெயர் மரியதாஸ். சேரப்பணஞ்சேரிக்காரர். வண்டிப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் ஃபர்னஸ் ஆபரேட்டர். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி உறுதியாக்குகிற உலை அது. ராத்திரியானாலும் அணைக்க முடியாது. அனுபவம் உள்ள ஒருத்தர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். இவர் மட்டும் பதினெட்டு வருஷமாக சி ஷிஃப்ட். ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை.

அவரை யாரும் தள்ளிவிடவில்லை. நாங்களாகக் கேட்டு வாங்கியது. மகள் பிறந்திருந்தாள். என் அம்மா வீடு சாத்தூர் பக்கம். அவருக்கு அம்மா இல்லை. பிள்ளையை யார் பார்ப்பது? பகலில் அப்பா, ராத்திரியில் அம்மா என்று முடிவு செய்தோம். பிள்ளை ஒரு நாள்கூடத் தனியாக இருந்ததில்லை. பிரமாதமான திட்டம். போட்டவள் நான்தான். அந்தத் திட்டத்தில் அவர் எப்போது தூங்குவார் என்று நான் யோசிக்கவில்லை.

காலை ஏழு மணிக்கு அவருடைய கம்பெனி பஸ் தெருமுனையில் அவரை இறக்கிவிடும். ஏழு பத்துக்கு என் கம்பெனி பஸ் அதே இடத்தில் என்னை ஏற்றிக்கொள்ளும். நடுவில் இருக்கிற பத்து நிமிஷம்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை. குழம்பு ஃப்ரிட்ஜில், கேஸ் இன்றைக்கு வரும், மோட்டார் போடுங்கள். சாயங்காலம் நான் ஓவர்டைம் முடித்து வருவதற்கும் அவர் கிளம்புவதற்கும் ஒரு மணி நேரம் கிடைக்கும். அதில் சமையல், துணி, அவருக்கு டிபன் பாக்ஸ். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் படுத்துவிடுவார். வாரத் தூக்கம் பாக்கி இருக்குமே.

கோயிலில் எல்லோரும் சொல்வார்கள், இந்த ஜோடிக்குள் ஒரு சண்டை பார்த்ததில்லை என்று. சண்டை போட வேண்டுமென்றால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டாமா?

போன வருஷம் மகள் திருச்சியில் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். பிள்ளை போய்விட்டது, ஷிஃப்ட் போகவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. இத்தனை வருஷமும் நாங்கள் பேசினதெல்லாம் அவளைப் பற்றித்தான். அது போன பிறகு கேஸும் மோட்டாரும்தான் மிச்சம். ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரு வார்த்தை வரவில்லை. கோபம் இல்லை, வருத்தம் இல்லை... ஒன்றும் இல்லை. எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. இந்த மனிதரோடு பேச என்னிடம் எதுவுமே இல்லையா?

ஜனவரியில் ஒரு ஞாயிறு. டிவியில் ஏதோ ஊர் சுற்றுகிற நிகழ்ச்சி. இமயமலைப் பக்கம் குலு பள்ளத்தாக்கு, மலைச் சரிவு முழுக்க ஆப்பிள் தோட்டம், கிளை தெரியாமல் பூ. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த இவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஆப்பிளுக்குப் பூ கீதா?" என்றார். இருக்கிறதா என்பதை அவர் ஊரில் அப்படித்தான் கேட்பார்கள்.

பூ இல்லாமல் காய் எப்படி வரும் என்று கேட்டேன்.

"இல்ல... பாத்ததே இல்ல. ஒரு தபா பாக்கணும்."

சொல்லிவிட்டுக் கை கழுவிப் படுக்கப் போய்விட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில், தனக்காக ஒன்று வேண்டும் என்று அந்த மனிதர் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. சரி, பார்த்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

நான் முடிவு கட்டினால் என்ன ஆகும் என்று எங்கள் கம்பெனியில் கேட்டுப் பாருங்கள்.

பூ ஏப்ரலில் இரண்டு வாரம்தான். மார்ச் கடைசியில் எங்கள் செக்‌ஷனில் செத்தாலும் லீவு கிடையாது. ஈஸ்டருக்கு வீட்டில் இல்லாமல் இருக்க முடியாது. ஆக, ஈஸ்டர் முடிந்த வெள்ளி கிளம்பி அடுத்த வெள்ளி வேலைக்கு வர வேண்டும். மேனேஜரிடம் போய் நின்றேன். மே மாதம் ஊட்டியிலேயே மலர்க் கண்காட்சி நடக்குமே, சனி ஞாயிறில் முடிந்துவிடுமே என்றார் அவர். கண்காட்சி பார்க்க நான் லீவு கேட்கவில்லை சார் என்றேன். வேறு எதற்கு என்று கேட்டார். சொல்ல வெட்கமாக இருந்தது. என் புருஷனோடு பேச லீவு கொடுங்கள் என்று எந்த ஃபாரத்தில் எழுதுவது? மூன்று நாள் அவர் டேபிள் முன்னால் நின்றேன். நாலாவது நாள் கையெழுத்துப் போட்டார்.

அடுத்து அவர் பக்கம். ஃபர்னஸுக்கு ஆள் வேண்டும். எங்கள் பக்கக் கம்பெனிகளில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு — ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது. எனக்காக நீ நில், உனக்காக நான் நிற்கிறேன். அவருக்கு அடுத்த ஆபரேட்டர் குமரேசன். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், கல்யாணமாகாதவன், ரூமில் நாலு பேரோடு இருக்கிறான். இவர் கேட்கக் கூச்சப்படுவார் என்று நானே போன் செய்தேன். இரண்டு வார்த்தையில் எங்கள் ஊர்ப் பேச்சு எட்டிப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷம்.

"நான் நின்னுக்கிடுதேன்க்கா. ஆனா ஊருல கோயில் கொடை வருது, அந்தத் திருவிழாவுக்கு நான் போயே ஆவணும். அத மட்டும் அண்ணன்ட்ட சொல்லிருங்க" என்றான். சரி என்றேன். லீவு இரண்டு பக்கமும் முடிந்தது.

பாக்கி இருந்தது பூ. அதுதான் என் பேச்சைக் கேட்காத ஒரே சப்ளையர். அங்கே ஒரு தோட்டத்து வீட்டில் தங்க ஏற்பாடு செய்திருந்தேன். வீட்டுக்காரி பெயர் பிம்லா. அவருக்கு இந்திதான் தெரியும். எனக்குத் தெரிந்த இந்தி, எங்கள் லைனில் வேலை செய்கிற வடக்கத்திக்காரர்களிடம் கற்றுக்கொண்டது. மற்றவர்கள் பேசினால் புரியும், ஆனால் நானாக மொத்தம் மூன்று விஷயம்தான் கேட்க முடியும்: எத்தனை ஆச்சு, நாளைக்குள் ஆகுமா, சீக்கிரம். அதையே பூவுக்கும் கேட்டேன். அந்த அம்மாள் வாராவாரம் ஒரு கிளையைப் போட்டோ எடுத்து அனுப்புவார். முதலில் மொட்டின் நுனி மட்டும் பச்சை. பிறகு கொத்துக் கொத்தாக ரோஸ் நிற மொட்டு. விரிந்தால் வெள்ளையாகிவிடுமாம். நான் விடாமல் 'நாளைக்குள் ஆகுமா' என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், அக்கா இது மரம் என்று பதில் போட்டார்.

இவரிடம் எல்லாவற்றையும் காட்டுவேன். தலையாட்டுவார். டிக்கெட்டையும் காட்டினேன். அதற்கும் தலையாட்டினார்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வாருங்கள். மெசேஜ் உறைத்ததும் என்ன செய்தேன்? அழுதேன். பொய் சொல்ல மாட்டேன், ஸ்வெட்டரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது ஐம்பத்தைந்து. கடைசி நேர விமான விலை எங்களுக்குக் கட்டாது. பத்து மணிக்கு ஏ.சி. தட்கல் திறக்கும், மறுநாள் ரயிலுக்கு. சனி ராத்திரி ஏறினால் திங்கள் காலை டெல்லி, செவ்வாய் காலை பள்ளத்தாக்கு. நாலு நாள் இரண்டு நாளாகச் சுருங்கும். சுருங்கட்டும். ஆனால் ரயில் டிக்கெட் போடுகிற ஆப் இவர் போனில் இருக்கிறது. ஓ.டி.பி.யும் அதற்குத்தான் வரும். போன் தலையணைக்கு அடியில்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சி ஷிஃப்ட் முடித்து வந்து தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. குக்கர் விசில் போடக் கூடாது, மிக்ஸி ஓடக் கூடாது. மகளுக்கு ஜுரம் வந்த நாளில்கூட நான் எழுப்பாமல் ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறேன். அன்றைக்கு முதல் தடவையாகக் கதவைத் திறந்து, லைட்டைப் போட்டு, தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"என்னங்க... எந்திரிங்க. ஃப்ளைட்டு போயிருச்சு."

எழுந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"கரெக்டாத்தானே கீது? வெள்ளிக்கிழமை பன்னண்டு நாப்பது. இன்னிக்கு நைட்டு."

அவருக்கும் அதே தப்பு! விளக்கிச் சொன்னேன். மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது அவருக்குப் புரிந்து, கட்டிலில் உட்கார்ந்தபடியே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். ஃபர்னஸ் லாக் புக்கில் எழுதுகிற மாதிரியே பார்த்துவிட்டேன் என்றார். திட்டுவார் என்று நினைத்திருந்தேன். அவர் சிரித்ததில் எனக்கு மறுபடியும் அழுகை வந்தது.

சிரித்து முடித்ததும் ஒன்று சொன்னார். அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. போனது போகட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், குமரேசனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே இன்றைக்கு ராத்திரி போய்க்கொள்கிறேன் என்றார். சொல்லிவிட்டுத் தலையணையைச் சரி செய்தார். ரொம்பச் சாதாரணமாக. இவர் இன்றைக்கு ராத்திரி அந்த பஸ் ஏறினால் முடிந்தது கதை என்று எனக்குப் பட்டது. அடுத்த வருஷம் என்று ஒன்று வரவே வராது. கேஸும் மோட்டாருமாகவே நாங்கள் கிழவன் கிழவி ஆகிவிடுவோம்.

"எனக்குப் பூ முக்கியமில்லைங்க" என்றேன். "ஒரு வாரம் உங்ககூட முழிச்சிருக்கணும். அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேண்டாம்."

அப்படியெல்லாம் நான் பேசுகிறவள் இல்லை. அவரும் அப்படிக் கேட்டுப் பழகினவர் இல்லை. என்னையே பார்த்தார். மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. பிறகு தலையணைக்கு அடியில் கையை விட்டுப் போனை எடுத்தார்.

"இன்னா ரயிலு, சொல்லு" என்றார்.

பத்து மணிக்குத் திறந்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு தடவை வெளியே தள்ளியது. திரும்ப உள்ளே போனோம். ஓ.டி.பி. வந்தது, அவர் படிக்க நான் அடித்தேன். இரண்டு பெர்த். ஒன்று மேலே, ஒன்று சைடில். கிடைத்துவிட்டது! விஷயத்தை மகளுக்குப் போன் செய்து சொன்னேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நாள் மாறிவிடும் என்று எனக்கு எல்.கே.ஜி.யில் சொல்லிக்கொடுத்ததே நீதானம்மா என்று மானத்தை வாங்கினாள். பிம்லாவுக்கும் சொன்னேன். திங்கள் ராத்திரி ஆலங்கட்டி மழை வரும் என்கிறார்கள், வந்தால் பூ நிற்காது, நீங்கள் வரத்தான் வேண்டுமா என்று கேட்டார். வருகிறோம் என்றேன்.

சனி ராத்திரி ரயில் ஏறி உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தோம். வீட்டைப் பூட்டினோமா, மோட்டார் ஸ்விட்ச், மகள் ஃபீஸ், அவர் தங்கை வீட்டு விசேஷம். கூடூர் வருவதற்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ஞாயிறு காலை முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் பயந்தது சரிதான் என்று ஆகிவிட்டதே!

நாக்பூர் தாண்டியதும் சண்டை வந்தது. ஆமாம், சண்டை. எங்கள் முதல் சண்டை! நான்தான் வாயைக் கொடுத்தேன். இவ்வளவு வருஷம் சி ஷிஃப்டிலேயே இருந்துவிட்டீர்களே, ஒரு தடவையாவது மாற்றிக் கேட்டிருக்கலாமே என்றேன். அவர் மெதுவாகத் திரும்பினார்.

"பாப்பா ஆறாவது படிக்கச்சொல்லோ ஜெனரல் ஷிஃப்டு ஒண்ணு காலியாச்சு. எனக்குத் தரேன்னாங்க. நீதான் இன்னும் ரெண்டு வருசம் போவட்டும்னே."

எனக்கு ஞாபகமே இல்லை. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்தேன். சொன்னாய் என்றார். எந்த இடத்தில் நின்று சொன்னாய், என்ன புடவை கட்டியிருந்தாய் என்பது வரை சொன்னார். பிள்ளைக்காகச் சொல்லியிருப்பேன் என்றேன். பிள்ளைக்காகத்தான், நான் இல்லை என்று சொல்லவில்லையே, ஆனால் இரண்டு வருஷம் ஆன பிறகு நீ ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றார். நீங்கள் ஏன் ஞாபகப்படுத்தவில்லை என்று நான் எகிறினேன். எதிர் சீட்டுக்காரர்கள் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். தமிழ் தெரியாது, ஆனால் சண்டைக்கு எதற்கு பாஷை?

போபால் வரைக்கும் நடந்தது. நடுவில் பழையது எல்லாம் வந்தது — சேரப்பணஞ்சேரி மனை, என் தம்பி கல்யாணம், அவர் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் ஓவர்டைம் பார்த்தது. இத்தனையும் இவர் மனசில் இருந்ததா? என் மனசில் அவ்வளவும் இருந்ததா? ஒரு டெஸ்பாட்ச் தேதியை மறக்காதவள், என் புருஷனுக்குக் கொடுத்த இரண்டு வருஷக் கெடுவை மறந்திருக்கிறேன். என் பேரில்தான் தப்பு. ஒரு கட்டத்தில், என்னை மன்னிச்சிருங்க என்றேன்.

"அதுக்கோசரம் சொல்லல. கேட்ட, சொன்னேன்" என்றார். பிறகு எழுந்து போய் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

அந்த டீயில் ஆரம்பித்ததுதான். மகளைப் பற்றி ஏதோ சொன்னார். நாலு வயசில் அவளுக்குச் சடை பின்ன இவர் கற்றுக்கொண்ட கதை. எதிர்வீட்டு அக்காவின் தலையில் பழகினாராம். எனக்குத் தெரியாது. அவள் மத்தியானத்தில் தூங்காமல் இவர் மார்பில் ஏறி உட்கார்ந்து, இவர் கண் இமையை விரலால் திறந்து பார்ப்பாளாம். எனக்கு அதுவும் தெரியாது. அவள் தூக்கத்தில் பேசுவாள், எட்டு வயது வரை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் படுப்பாள் என்று நான் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. அவளுடைய பகல் முழுக்க அவரிடம் இருந்திருக்கிறது. ராத்திரி முழுக்க என்னிடம். ஒரே பிள்ளையை ஆளுக்குப் பாதியாக வளர்த்திருக்கிறோம், பாதியைப் பாதியோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை. டெல்லி வந்த பிறகும் பேச்சு முடியவில்லை. பஸ்ஸிலும் தொடர்ந்தது.

செவ்வாய் காலை போய்ச் சேர்ந்தோம். பிம்லா சொன்னபடியே ராத்திரி ஆலங்கட்டி கொட்டித் தீர்த்திருந்தது. தோட்டம் முழுக்கச் சேறு, சேற்றில் வெள்ளை வெள்ளையாக இதழ். மரத்தில் ஒன்று இல்லை. அந்த அம்மாள் தன்னுடைய தப்பு போலக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மலையில் ஏற ஏற பூ தாமதமாகத்தான் வருமாம். மேலே, இரண்டு மணி நேரம் ஏறினால், அவர் கொழுந்தனார் தோட்டம் இருக்கிறது. அங்கே நேற்றுவரை மொட்டு, மழையும் அவ்வளவாக இல்லை, ஆனால் பாதை சரியில்லை, உங்களால் முடியுமா என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். என் முழங்காலைப் பற்றி அவருக்குத் தெரியும்.

நாளைக்குள் ஏறிவிடலாம் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

புதன் காலை ஏறினோம். இரண்டு மணி நேரம் எங்களுக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. வழுக்குகிற இடத்திலெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை இவ்வளவு காய்ப்புக் காய்த்திருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மேலே போனோம். பூ இருந்தது. இவர் ஒரு கிளையை வளைத்து, மூக்கருகே கொண்டுபோய், ஆமா, ஆப்பிளுக்குப் பூ கீது என்றார். பிறகு ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம்.

ஊருக்கு வந்த மறுவாரமே ஜெனரல் ஷிஃப்ட் கேட்டு மனு கொடுத்துவிட்டார். எழுதித் தந்தது நான். இன்னும் பதில் வரவில்லை. வராவிட்டால் இன்னொன்று எழுதுவேன். அதற்கும் வராவிட்டால் அதற்கு மேலே இருக்கிறவருக்கு எழுதுவேன். இந்தத் தடவை கெடு தேதியை சமையலறைக் காலண்டரில் சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

பூ எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டு யாரும் எழுதாதீர்கள். அந்த மரத்தடியில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். அவர் பேசிக்கொண்டே இருந்தார்... நான் சரியாகப் பார்க்கவில்லை.